உக்கிராண அறைக்குப் போகாத கல்யாணம்

பவளமல்லி வீடியோஸின் முன்கூடத்தில் இந்துராணியின் கல்யாணம் வந்து நின்ற காலையில் மஞ்சக்கரை பஜாரில் யாரும் வேலையை நிறுத்தவில்லை. நாதஸ்வரச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த டீக்கடை கருப்பையா, என்றோ மண்டபத்தில் நடந்து முடிந்த கல்யாணம் ஸ்டூடியோவுக்குள் மறுபடி நடந்துகொண்டிருப்பதையும், மணவறையில் மாப்பிள்ளை ராஜவேலு தலை நிறைய முடியோடு உட்கார்ந்திருப்பதையும், பக்கத்தில் இந்துராணி அரக்குப் பட்டில் குனிந்த தலை நிமிராமல் இருப்பதையும், அதே இந்துராணி சாயம் போன காட்டன் சேலையில் கவுண்டர் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பந்தி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தது. கருப்பையா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அதுவரை ஊரின் கல்யாணங்களெல்லாம் பின்னறையில்தான் இருந்தன. ஸ்டூடியோ முதலாளி பிச்சைமணி மதுரையிலிருந்து வாங்கிவந்த சர்வர் அங்கே ஏசிக்கு அடியில் அரை பீரோ உயரத்துக்கு நின்று உறுமிக்கொண்டிருந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று மஞ்சக்கரை எடுத்துவைத்த எல்லாவற்றையும் பழைய டேப்புகளிலிருந்து அதற்குள் ஏற்றிவிட்டு, டேப்புகளை அவர் மக்காச்சோளக் காட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் அந்தக் கறுப்பு நாடாக்களை உருவிக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்ட, காற்றடிக்கும்போதெல்லாம் ஊரின் தாலிகட்டுகள் 'ங்கொய்' என்று ரீங்கரித்துக் கிளிகளை விரட்டின. "இனிமே எதுவும் அழியாது. கல்லுல எழுதின மாதிரி" என்று பிச்சைமணி வீடுவீடாகச் சொன்னார். அவர் சொன்னால் ஊர் நம்பும். எல்லோருடைய நல்ல நாளிலும் உடன் இருந்தவர் அவர்.

இந்துராணி பிளவுஸ் தைக்கிறவள். தையலுக்கு நடுவில் எழுந்து தினமும் ஒரு தடவை ஸ்டூடியோவுக்கு வருவாள், கூடவே தம்பி பாலகுரு வருவான். "அண்ணே, எங்க கல்யாணம்" என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் வந்துவிடும். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்து ஒருநாள் கேட்டாள்.

"எப்படிண்ணே? எதுத்த வீட்டுக் காதுகுத்து வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சிரலாம். எங்களோடது மட்டும் பட்டுனு வருது."

"கல்யாண வீட்டுல பாத்திருப்பேல்லம்மா?" என்றார் பிச்சைமணி. "அரிசி பருப்பு வெல்லம் எல்லாம் உக்கிராண அறையில பூட்டிக் கெடக்கும். வேணும்னா ஒரு ஆள் சாவி வாங்கிப் போயி எடுத்துட்டு வரணும். ஆனா சாம்பார் வாளி? அது பந்தியிலயே நிக்கும். ஏன்னா திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. மிஷினும் அதேதான். டிஸ்க் எல்லாம் உக்கிராணம். கேக்குறத மட்டும் முன்னாடி கைக்கிட்ட வச்சுக்கும். நீ தெனம் வந்து நிக்கிற, உன் கல்யாணம் வாளியிலயே கெடக்கு."

"அப்ப உக்கிராணத்துல இல்லையா?"

"அங்கயும் எழுதியாச்சும்மா. எழுதியாச்சுன்னு மிஷின் பதில் சொன்னபெறகுதான நான் டேப்பையே தூக்கிக் குடுத்தேன்."

அவள் தினமும் வந்ததற்குக் காரணம் பாலகுரு. அவளுக்கு நாலு வயது இளையவன், உடம்பு வளர்ந்து, மனசு ஐந்து வயதிலேயே உட்கார்ந்துவிட்டவன். பொத்தான் போட்டுவிட வேண்டும், மீனில் முள் எடுத்துத் தர வேண்டும், இடி இடித்தால் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவனுக்கு அவள்தான். கல்யாணத்தன்று, உடன்பிறந்தவன் வந்து மணப்பெண்ணின் கையில் நெற்பொரி போடும் நேரத்தில், பாலகுரு ஒரு கை போட்டு நிறுத்தாமல், இரண்டு, மூன்று என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். பொரி அவள் விரல் வழியே வழிந்து மணவறை முழுக்கச் சிந்திற்று. ஐயர் முகம் சுளித்தார். மாப்பிள்ளை ராஜவேலுதான் சிரித்துக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்து, "மாப்ள, மிச்சத்த நாளைக்குப் போடு. நீ எங்கூடத்தான இருக்கப்போற, சாகுற மட்டும்" என்றான். மண்டபமே சிரித்தது. கல்யாணம் முழுக்க குனிந்த தலையோடு இருந்த இந்துராணி அந்த ஒரு நொடி மட்டும் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

பிறகு ஒரு மகள் பிறந்தாள், பெயர் கயற்கொடி. அவள் வயதுக்கு வந்த மறுமாதம், தன் டயர் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே ராஜவேலு சொன்னான்: "திண்டுக்கல் பக்கம் ஒரு காப்பகம் இருக்காம். இவன மாதிரி ஆளுங்களுக்கு. நல்லாப் பாத்துக்குறாங்களாம்."

"யார?"

"வயசுக்கு வந்த புள்ள இருக்குற வீடு. நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வரவேணாமா?"

"நீங்க சொன்னது?"

"நான் என்ன சொன்னேன்?"

அவள் அவனை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். திரையில் இளைய ராஜவேலு பாலகுருவின் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னதை மூத்த ராஜவேலு நின்று கேட்டான். வெளியே போனான். அந்தப் பேச்சு அத்தோடு அடங்கியது. சில மாதம் கழித்து மறுபடி தலைதூக்கியபோது மறுபடி கூட்டிப் போனாள். அப்புறம் பேச்சு எழட்டும் என்று காத்திருக்காமல் தினமும் போகத் தொடங்கினாள், சர்க்கரைக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் மறக்காமல் மாத்திரை போட்டுக்கொள்வதுபோல.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கல்யாணம் ஒருநாள் திரையையும் தாண்டி முன்கூடத்துக்கே வந்துவிட்டது என்று ஊர் எடுத்துக்கொண்டது. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை. ஆராய வேண்டிய விஷயங்கள் வேறு இருந்தன. பிச்சைமணியின் மனைவி பூரணம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எச்சில் இலையை யார் எடுப்பது என்று கேட்டாள். அவரவர் இலையை அவரவர் எடுப்பது என்று முடிவாயிற்று. கல்யாணத்து ஆட்கள் பேசாதவர்களில்லை, 'உட்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்' என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆனால் அவர்களிடம் பின்னால் நடக்கப்போவது எதையும் சொல்லக்கூடாது என்று வழக்கமாயிற்று, ஏனென்றால் முதல் வாரத்திலேயே ஒருவர் தன் அண்ணனிடம், "அந்தப் பைக்க மட்டும் வாங்காதண்ணே" என்று சொல்லப்போய் ஒரு பந்தி முழுக்கக் கண்ணீரில் முடிந்தது.

கூடம் மூன்று கல்யாணம்தான் கொள்ளும். நடுவில் எப்போதும் இந்துராணியுடையது, தினமும் கேட்கப்படுகிறதல்லவா. இரண்டு பக்கமும் ஊரின் ஆசைக்கேற்ப மாறிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் ஊரே போய் லத்தீப் பாய் வீட்டு நிக்காஹைக் கேட்கும். அவரே வரிசையில் நின்று, "எம் மக நிக்காஹ்ல எனக்கே எடம் கெடைக்க மாட்டேங்குது" என்று சிரிப்பார். டவுன் பஸ் கண்டக்டர் 'கல்யாண ஸ்டாப் எறங்கு' என்று கூவத் தொடங்கினார். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா, அந்த ஜாங்கிரியும் சர்க்கரைதான், ரத்தத்தில் தெரிகிறது என்று எச்சரித்தார். வழுக்கை விழுந்தவர்கள் தங்கள் பழைய முடியைப் பார்க்கவென்றே வந்தார்கள். ஒரே பந்தியில் அன்று கல்யாணத்துக்கு வந்திருந்த பழைய கருப்பையாவும் இன்றைய கருப்பையாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் அவ்வளவாகப் பிடிக்காதவர்களைப்போல முகம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் பொரி போடும் நேரம் வரும். ஒவ்வொரு நாளும் இளைய பாலகுரு மேடையில் அள்ளி அள்ளிப் போட, பெரிய பாலகுரு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தன் வெறுங்கைகளையும் நீட்டி நீட்டிப் போடுவான், சிந்துகிற பொரியைக் குனிந்து பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வான். ஒவ்வொரு நாளும் ராஜவேலு, "சாகுற மட்டும்" என்பான். சாம்பார் ஊற்றிக்கொண்டும் அப்பளம் நொறுக்கிக்கொண்டும் மஞ்சக்கரை அதைக் கேட்டது, காலை கேட்டது, மாலை கேட்டது, கேட்டுவிட்டு இலையை உள்பக்கமாக மடித்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து, வேலை கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்களுக்கும் பிச்சைமணி இந்தக் கல்யாணத்தைத்தான் திறந்து காட்டுவார். "வேகத்தப் பாருங்க. கேக்குறதுக்கு முன்னாடி வந்து நிக்குது பாருங்க." அவர்கள் பார்த்து வியந்து, பந்தியில் உட்கார்ந்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ராஜவேலு மட்டும் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். டயர் கடையிலிருந்து வீட்டுக்குப் போக ஸ்டூடியோ வழிதான் குறுக்கு. அவன் ரைஸ்மில்லைச் சுற்றிக்கொண்டு போனான்.

பல்லி சொல்ல ஆரம்பித்தது சில வருஷம் கழித்து ஒரு கோடையில். பின்னறையிலிருந்து 'கீச்', கொஞ்சம் இடைவெளி, மறுபடி 'கீச்'. ஒரு பெண்வீட்டார் தேதி குறிக்க வந்து ஆவணியா ஐப்பசியா என்று தயங்கியபோது, 'ஐப்பசி' என்று யாரோ சொன்ன வாய் மூடுமுன் கீச்சென்றது. "பல்லி சொல்லுது" என்று பெண்ணின் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து தேதி குறிக்கிறவர்கள், இடம் வாங்குகிறவர்கள், பிள்ளைக்குப் பேர் வைக்கிறவர்கள் எல்லோரும் பவளமல்லி வீடியோஸில் வந்து உட்கார்ந்துதான் முடிவெடுத்தார்கள். அந்தப் பல்லி மற்ற பல்லிகளைப்போல ஏமாற்றவில்லை, கேட்கிறவர்களைக் காக்க வைக்காமல் சொல்லிற்று. பிச்சைமணி அதைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் மிஷின் கொஞ்சம் மந்தமாயிற்று, எடிட்டிங் பையன்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிச்சைமணி உள்ளே போய் ஏதோ மாற்றி வைத்தார், மறுபடி வேகம் வந்துவிட்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. அன்று மஞ்சக்கரையில் எந்த ஆயுதமும் வேலை செய்யாது. இந்துராணி தையல் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தாள், கயற்கொடி பாடப் புத்தகங்களைச் சந்தோஷமாகக் கொண்டுபோய் சாமி முன்னால் அடுக்கினாள். ஸ்டூடியோவில் கேமராக்களுக்கும் விளக்குகளுக்கும் மாலை போட்டார்கள். சர்வரையும் வருஷாவருஷம் செய்வதுபோல அணைத்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்தார்கள். போன வருஷச் சந்தனத்தின் மேலேயே இந்த வருஷச் சந்தனம். சாமிக்கு இட்ட பொட்டை யார் சுரண்டுவார்கள்? கூடத்துக் கல்யாணங்கள் விளக்கணைந்ததும் பாதி வாயில் மறைந்தன. அதுவும் வழக்கம்தான். ஒவ்வொரு வருஷமும் விஜயதசமி காலையில் விட்ட இடத்திலிருந்து, தூக்கிய கவளத்திலிருந்து, திரும்ப வந்துவிடும். பாலகுரு பூஜைப் பொரியை மடியில் கட்டிக்கொண்டு, "நாளைக்குப் போடலாம்" என்றான்.

விஜயதசமியன்று அவள்தான் முதலில் வந்தாள். கொஞ்சநேரத்தில் கூடம் நிறைந்தது. பிச்சைமணி சூடம் காட்டி மிஷினை எழுப்பினார், டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுழன்று ஏறின.

"அண்ணே, எங்க கல்யாணம்."

முதலில் லத்தீப் பாய் வீட்டு நிக்காஹ் வந்தது, மெதுவாக, தூக்கம் கலையாததுபோல. அப்புறம் கோட்டைசாமி மகள் கல்யாணம். நடு இடம் வெறுமையாகவே இருந்தது. பிச்சைமணி திரையைத் தட்டினார், மறுபடி தட்டினார்.

"பேரு இருக்கும்மா" என்றார் கடைசியில். "பேரு இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல."

மதுரையிலிருந்து சர்வீஸ்காரர் சேவியர் மத்தியானப் பஸ்ஸில் வந்தார். பின்னறைக்குள் போனவர், மிஷினின் நெற்றிச் சந்தனத்தை ஸ்குரு டிரைவரால் சுரண்டினார். அடியில் ஒரு சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அப்போது பல்லி கீச்சென்றது. வாசலில் நின்ற ஒரு பெண் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா செய்றீங்க?" என்றார் சேவியர்.

"பல்லி சொல்லுதுல்ல?"

"பல்லியா? பேட்டரி செத்துப்போச்சுன்னு மிஷின் கத்துதுக்கா." சேவியர் திரும்பினார். "அண்ணே, கோடையிலயே போன்ல சொன்னேன்ல உங்ககிட்ட?"

பிச்சைமணி ஏசியைப் பார்த்தார்.

இந்துராணி சேவியரிடம் கேட்டாள். "எங்க கல்யாணம் எங்க போச்சு?"

அவர் இரக்கமுள்ளவர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "எங்கயும் போகலம்மா. உள்ள வரவே இல்ல. உக்கிராண வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான்னு வச்சுக்கங்க. நீங்க சாமானக் குடுத்ததும் 'வச்சாச்சு'ங்குறான். ஆனா வைக்கல, கையிலதான் வச்சிருக்கான். கூட்டம் குறையட்டும், அப்புறமா உள்ள வைப்போம்னு. அதுல தப்பில்ல, அப்படிச் செஞ்சாத்தான் வேகம். எல்லாரோடதும் கொஞ்சநேரத்துல உள்ள போயிரும். உங்களோடது தெனமும் பந்தி, தெனமும் இலை, தெனமும் சிந்துற பொரி. நேத்து மாதிரி இன்னைக்கு இல்ல. மாறிக்கிட்டே இருக்குறத அவன் கீழ வைக்கவே இல்ல. கரண்ட் போனா அவன் கையில இருக்குறது விழுந்துராம பாத்துக்கத்தான் அந்தப் பேட்டரி. அது செத்தா மிஷின் தானாவே மெதுவாப் போயி, வாங்கின உடனே உள்ள வச்சுட்டுத்தான் 'வச்சாச்சு'ன்னு சொல்லும். அப்படி மெதுவாப் போகவேணாம், பேட்டரி இல்லாட்டியும் முன்ன மாதிரியே சொல்லுன்னு யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

"நான் ஒருநாள் கேக்காம இருந்திருந்தா உள்ள போயிருக்குமா?"

சேவியர் ஸ்குரு டிரைவரைத் துடைத்தார். "போயிருக்கும்."

அவள் பிச்சைமணியிடம் போனாள். "அண்ணே. எழுதியாச்சுன்னு சொன்னீங்க."

"மிஷின்தாம்மா சொல்லுச்சு."

"மிஷின் எங்கிட்டச் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

"புதுப் பேட்டரி சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பல்லி பல்லின்னு சனம் வந்துச்சு. நல்ல காரியம் நடக்குற எடத்துல நாம ஏன் கெடுக்கணும்னு..." அவர் முடிக்கவில்லை. "உனக்கு நான் கெடுதல் நெனைப்பேனாம்மா?"

"வேகமாத்தானே இருந்துச்சு, சேவியரே?" என்று அங்கிருந்த கருப்பையா சமாதானமாகக் கேட்டார். "நாங்க அத்தன பேரும் பாத்தோமே."

"ஒரே கேள்விய நூறு தடவ கேட்டா யாரும் வேகமாத்தான் பதில் சொல்லுவாங்க, பெரியவரே. அது கைக்கிட்ட இருக்குற பதில். இதுவரைக்கும் கேக்காததக் கேட்டுப் பாக்கணும். அப்பத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

இந்துராணி அதைக் கேட்டுக்கொண்டு வெளியே போனாள். பாலகுருவையும் கூட்டிக்கொண்டு மக்காச்சோளக் காடுகளுக்குப் போய், வரப்பு வரப்பாக நடந்து, வெயிலில் வெளுத்த நாடாக்களைப் பிடித்துக் காதில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் 'ங்கொய்' என்றன. எது யாருடைய தாலி, எது யாருடைய பொரி என்று அந்தச் சத்தத்தில் பிரிக்க முடியவில்லை. பாலகுரு ஒரு நாடாவுக்குக் கீழே நின்று மடியிலிருந்த பொரியைக் கொஞ்சம் தூவினான். கிளிகள் பயப்படாமல் வந்து தின்றன.

செய்தி ராஜவேலுவுக்கு ரைஸ்மில் வழியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. அவன் அன்று குறுக்கு வழியில், ஸ்டூடியோ வாசலிலேயே நடந்து வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்துச் சொன்னான்: "வர்ற திங்கக்கெழம கார் சொல்லியிருக்கேன். அவன் துணியெல்லாம் எடுத்து வை."

"நீங்க சொன்னது?"

"நான் எதுவும் சொல்லல."

"ஊரே கேட்டுச்சு."

"அப்ப ஊரக் கேளு" என்றான் அவன், கோபப்படாமல்.

அவள் கேட்டாள். மஞ்சக்கரையில் அவளைப் பார்த்த மாத்திரத்தில் 'வா இந்துராணி, சாப்ட்டியா, தம்பி நல்லாருக்கானா' என்று சொல்லாத வாய் கிடையாது. பல வருஷமாக அவ்வளவு பட்டென்று வந்துகொண்டிருந்த வார்த்தை அது. இப்போது அவள் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்: நீங்கள் வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் அப்படிச் சொன்னதை நாங்கள் கேட்டோம் என்று.

கருப்பையா பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "பொரி போடுறப்ப என்னமோ சொல்லுவாப்ல, சிரிப்பாங்க. எனக்கு அந்த நேரத்துக்குத்தான் ரசம் வரும். கவனிச்சதில்லையே தாயி."

"தெனம் கேட்டீங்களே மாமா."

"தெனம் கேட்டா கேட்டதுன்னு ஆகுமா? நீயே சொல்லு."

பூரணம் அவள் கையைப் பிடித்து அழுதாள். அழுதுகொண்டே, "உம் புருசன் தர்ற டயருக்குத்தான் எங்க வேன் காத்து நின்னுட்டுருக்குடி. இவர வேற இதுல இழுக்காத" என்றாள். ராஜவேலுவின் அக்கா, கல்யாணத்தில் விளக்குப் பிடித்து நின்றவள், "எந்தம்பி வாக்குக் குடுத்தா மீறமாட்டான். மீறுறான்னா குடுக்கலன்னுதான அர்த்தம்?" என்றாள். லத்தீப் பாய் மட்டும் கொஞ்சநேரம் யோசித்தார். சொல்ல வாய் எடுத்தது போலிருந்தது. பிறகு, "குடும்ப விசயம்மா. நாங்க வேற தெரு ஆளுக. நாளைக்குத் தப்பாப் போயிரும்" என்றார். தெரு முழுக்க, பஜார் முழுக்க, அவள் போன இடமெல்லாம் சாப்பாட்டை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். அவியலில் முருங்கைக்காய் இருந்தது, பாயசம் பால் பாயசம், இரண்டாம் பந்திக்கு வடை சின்னதாகிவிட்டது. அத்தனையும் சரியாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை கார் வந்தது. தெருவே வேலை இருப்பதுபோல வாசலில் நின்றது. பாலகுரு புதுச்சட்டை போட்டிருந்தான், பொத்தானை இந்துராணி போட்டுவிட்டிருந்தாள். அவனுக்கு அது கல்யாணத்துக்குப் போகும் கார். கதவைப் பிடித்து நின்ற ராஜவேலுவைப் பார்த்துச் சிரித்து, மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த பொரியை அள்ளி அவன் கையில் போட்டான், அள்ளி அள்ளிப் போட்டான். பொரி விரல் வழியே வழிந்து தெருவில் சிந்திற்று. போட்டுக்கொண்டே அவன் ராஜவேலுவின் குரலில், தலை நிறைய முடி இருந்த காலத்து ராஜவேலுவின் அதே குரலில், அதே சிரிப்போடு சொன்னான்: "மாப்ள, மிச்சத்த நாளைக்குப் போடு. நீ எங்கூடத்தான இருக்கப்போற, சாகுற மட்டும்."

தெருவில் சாம்பார் மணந்தது. எங்கோ கெட்டிமேளம் ஒரு தட்டுத் தட்டி நின்றது. கருப்பையா துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார். பிச்சைமணி தன் வண்டியின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார்.

ராஜவேலு கையிலிருந்த பொரியை உதறினான். "இவன் சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா?" என்று பொதுவாகக் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. "ஏறுடா."

பாலகுரு ஏறினான். அப்போது இந்துராணி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு. அதன் நெற்றியில் பூஜைப் பொட்டு இருந்தது.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"அவன் கூட."

"கொண்டுபோயி விட்டுட்டு வர்றதுக்கு எதுக்கு மெஷினு?"

அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்துக்கொண்டாள். மறுபக்கக் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமல் கயற்கொடி பள்ளிக்கூடப் பையோடு ஏறி, மாமனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கயலு, எறங்கு" என்றான் ராஜவேலு.

அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "வயசுக்கு வந்த புள்ளய நடுத்தெருவுல வச்சுக் கத்தாதீங்கப்பா" என்றாள்.

"காப்பகத்துக்கு வேணாம் தம்பி" என்று இந்துராணி டிரைவரிடம் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுல விட்டுருங்க." கிளம்பும்போது அவள் தெருவை ஒருதரம் பார்த்தாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். "எல்லாரும் நல்லாச் சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கார் போனது. சாம்பார் மணமும் அதன் பின்னாலேயே போனது.

பிச்சைமணி புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார். பல்லி அதற்கப்புறம் சொல்லவில்லை. கூடத்தில் இப்போதும் மூன்று கல்யாணம் நிற்கிறது, நடு இடத்துக்கும் வேறு ஆள் வந்தாயிற்று. ராஜவேலு எப்போதாவது கடை அடைத்துவிட்டு வந்து கவுண்டரில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், "நம்ம கல்யாணம்ணே" என்கிறான். மிஷின் தேடுகிறது. உக்கிராணம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கிறது. அவன் நின்றுவிட்டுப் போகிறான்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எந்தக் கல்யாணத்துப் பந்தியிலும் உப்பில்லை. சாம்பாரில் இல்லை, ரசத்தில் இல்லை, லத்தீப் பாய் வீட்டு பிரியாணியில்கூட இல்லை. முதலில் சமையல்காரர்களைத் திட்டினார்கள். பிறகு வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து இலையில் கொட்டிப் பிசைந்தார்கள், கொட்டக் கொட்ட அது மணலாய்ப் பல்லில் கடிபட்டதே தவிர நாக்கில் ஏறவில்லை. ஏன் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டுக்கொள்வதில்லை. நேற்று மத்தியானப் பந்தியில் கருப்பையா மூன்றாவது தடவையாக உப்பை அள்ளிப் போட்டபோது, அடுத்த இலையில் இருந்த பழைய கருப்பையா, இத்தனை நாளும் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவன், கையை நிறுத்தி அவர் இலையையும் முகத்தையும் பார்த்தான்.

"எனக்குச் சரியாத்தான இருக்கு" என்றான் அவன். "உங்களுக்கு என்ன?"